வத்தை மேல ஆடு

போன வாரம் என் போன் 'இனி இடமில்லை' என்று கையை விரித்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொல்லைப்படியில் உட்கார்ந்து பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் கம்பெனி வீடியோ: எடை போட்ட நண்டு, ஐஸ் பெட்டி, லாரி நம்பர். மீதியெல்லாம் பையன். அதில் ஒன்று 11 விநாடி ஓடுகிறது. என் அம்மா துணி காயப்போடுகிறாள். பையனுக்கு அப்போது 3 வயது 4 மாதம். கீழே கிடந்த பச்சை கிளிப் ஒன்றை எடுக்கிறான், அழுத்துகிறான், வாய் திறக்கிறது, விடுகிறான், மூடுகிறது. இன்னொரு தடவை. அப்புறம் அதை அம்மா பக்கமாகத் தூக்குகிறான். கண்ணும் கூடவே மேலே போகிறது, அவள் முகம் வரைக்கும், ஒரே ஒரு நொடி. அம்மா "கொண்டா ராசா" என்று வாங்கி வேட்டி முனையில் மாட்டிவிட்டு அடுத்த துணியை உதறப் போய்விடுகிறாள். அவன் கை மட்டும் அப்படியே நிற்கிறது, வெறுங்கையாக. பிறகு மெல்ல இறங்குகிறது. பின்னால் நான் "பரவாயில்லையே, அப்பத்தாவுக்கு உதவி செய்யிறானே" என்று சொல்வதும் கேட்கிறது.

அன்றைக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. அவன் உதவி செய்யவில்லை. கிளிப் வாய் திறந்து மூடுகிற அதிசயத்தை அப்பத்தாவிடம் காட்டியிருக்கிறான். அவனுக்கு ஆட்டிசம். அந்த ஒரு செய்கைக்காகத்தான் நானும் என் மனைவியும் அந்தச் சமயத்தில் மாதாமாதம் மதுரைக்கும் மண்டபத்துக்குமாக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தோம். வீட்டுக் கொல்லையில் அது வந்து நின்றிருக்கிறது. மூன்று பேரும் பார்க்கவில்லை. நான் படம் வேறு பிடித்திருக்கிறேன்.

"சுட்டிக் காட்டுவானா?"

ஆரம்பத்திலேயே நான் ஒரு தப்பான பதில் சொன்னவன். பையனுக்கு 26 மாதம் இருக்கும்போது முதல் தடவை மதுரையில் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். அதுவரைக்கும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். அங்கே இருந்த அம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். எம்-சாட் என்று பெயர். இதில் ஓடிக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு மட்டும்: 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரைக்குமான பிள்ளைகளுக்கு, 20 கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில். ஆட்டிசம் இருக்கிறது என்று அது தீர்ப்பு சொல்லாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். நான் பேச்சைப் பற்றிக் கேட்பார்கள் என்று மனதுக்குள் அவன் சொல்கிற நாலு சத்தத்தையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அந்த 20 கேள்வியில் எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று ஒரு கேள்விகூட இல்லை. நீங்கள் ஒன்றைச் சுட்டிக் காட்டினால் அந்தப் பக்கம் பார்ப்பானா, எட்டாத சாமானை விரலால் காட்டிக் கேட்பானா, சும்மா வேடிக்கைக்காக எதையாவது காட்டுவானா, ஒரு பொருளைக் கொண்டுவந்து பாருங்கள் என்று நீட்டுவானா. விரல், கை, கண். இப்படியே போகிறது.

"சுட்டிக் காட்டுவானா?" என்றதும் "ஆமா, நல்லாக் காட்டுவான்" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா விடவில்லை, "எப்படிக் காட்டுவான், நீங்க செஞ்சு காட்டுங்க சார்" என்றார். நான் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேசை டிராயரின் கைப்பிடி மேல் வைத்தேன். வீட்டில் பிரிட்ஜ் கதவுக்கு அவன் அப்படித்தான் செய்வான். செய்யும்போதே ஒன்று உறைத்தது. நான் டிராயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி முகத்தை அல்ல. அவனும் அப்படித்தான். என் கை அவனுக்குக் கதவு திறக்கிற ஒரு சாமான், அதன் மறு முனையில் ஒரு அப்பன் இருப்பது அந்த நேரத்தில் கணக்கிலேயே இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

பிறகுதான் தெரிந்தது, இது எங்கள் வீட்டு விநோதம் இல்லை. வெண்டி ஸ்டோன் என்கிற அமெரிக்க ஆய்வாளரும் கூட வேலை செய்தவர்களும் 1997-இல் 2, 3 வயதுப் பிள்ளைகளை உட்கார்த்திவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சுட்டுவதும் பொருளைத் தூக்கிக் காட்டுவதும் குறைவு, பெரியவர்களின் கையைப் பிடித்து நகர்த்துவது அதிகம். நான் டிராயரில் செய்து காட்டியது 24 வருசத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருந்தது.

வேணும், பாரு

சுட்டு விரலில் இரண்டு சாதி உண்டு என்று எனக்குப் புரிய ஒரு வருசம் ஆனது. எலிசபெத் பேட்ஸும் இரண்டு இத்தாலிய ஆய்வாளர்களும் 1975-இல் எழுதிவைத்த விசயம். ஒன்று, எடுத்துக் கொடு என்று காட்டுவது. இன்னொன்று, பாரேன் என்று காட்டுவது. பொதுவாகப் பிள்ளைகள் 9, 10 மாதத்தில் கையிலிருப்பதைத் தூக்கிக் காட்டவும் கொடுக்கவும் ஆரம்பிக்கும், ஒரு வயதை ஒட்டி விரல் வந்துவிடும், இரண்டு வகையும் கொஞ்சம் முன்னே பின்னே சேர்ந்தே வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் 'கொடு' எப்படியோ ஒரு வழியில் வந்துவிடுகிறது, 'பாரு' தான் பின்தங்குகிறது. சிலருக்கு வருசக்கணக்கில்.

இதை என் அப்பாவுக்கு விளக்கப் போய் பேட்ஸ், ஆய்வு என்றெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நாற்பது வருசம் வத்தை என்கிற மீன்பிடிப் படகில் போனவர். எஞ்சின் சத்தத்தில் ஒருத்தன் சொல்வது ஒருத்தனுக்குக் கேட்காது, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கிறவன் கையைக் காட்டினால்தான் சுக்கான் பிடிக்கிறவனுக்குத் தெரியும். இடது, வலது, நிறுத்து, மெதுவா போ, எல்லாம் கைதான். "சரி, ஓங்கல் குதிச்சாலும்தான் அணியத்துல நிக்கிறவன் கையைக் காட்டுவான். எதுக்கு, வலை போடவா? அதப் போயி எவன் பிடிக்கப்போறான். சும்மா நீயும் பாருன்னுதான்" என்றார். ஓங்கல் என்றால் டால்பின். அதற்கு மேல் அவருக்கு விளக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவரும் இன்னும் ஆறு மாதம் பிள்ளை நாக்கில் தேனைத் தடவச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், அது வேறு.

ஓங்கலைக் காட்டுகிறவனுக்குக் கிடைப்பது என்ன? பின்னால் இருப்பவன் அந்தப் பக்கம் திரும்புவது, அவ்வளவுதான். பிஸ்கட் கேட்டுக் கை நீட்டினால் பிஸ்கட் வருகிறது. 'பாரு' என்று காட்டினால் வருவது இன்னொருவருடைய முகம் மட்டும். முகம் என்பது சட்டென்று படிக்க முடிகிற சாமானாக இல்லாத ஒரு பிள்ளைக்கு அந்த வியாபாரம் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று யோசித்தால் ரொம்பப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

கை எப்படி வளர்ந்தது

மூடின டப்பாவிலிருந்து ஆரம்பித்தது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அவன் எதையும் கேட்கத் தேவையே இல்லை. அவன் கண் போகிற திசையை வைத்தே அம்மா தண்ணீர், முறுக்கு, தலையணை எல்லாம் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரிகிற டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, அவன் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் காத்திருங்கள் என்று மதுரையில் சொன்னார்கள். அம்மாவுக்கு வந்த ஆத்திரம்! "பச்சப்பிள்ளைய ஏங்க வச்சா பாக்குறீங்க?" என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாவது வாரமோ என்னவோ, டப்பாவை உருட்டி, கடித்து, தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, என் மடியில் கொண்டுவந்து போட்டான். முதல் தடவையாக என் கையை இழுக்காமல் சாமானை என்னிடம் கொடுத்தான். அதற்கப்புறம் உள்ளங்கை நீட்டுவது. அப்புறம் பிரிட்ஜ் கதவைத் தொட்டுக்கொண்டு நிற்பது. தொடுகிற கை மெல்ல மெல்ல விலகி, ஒரு சாண் தூரம், ஒரு முழ தூரம் என்று ஆகி, ஒரு நாள் அடுப்படி வாசலிலேயே நின்று பிரிட்ஜைக் காட்டினான். 3 வயது 9 மாதம். முழு விரல்கூட இல்லை, சுட்டு விரலோடு நடு விரலும் பாதி மடங்கி ஒட்டிக்கொண்டு வரும்.

டாட்டா ஒரு தனிக்கதை. எல்லாப் பிள்ளையும் உள்ளங்கையை எதிரே இருப்பவருக்குக் காட்டி ஆட்டும். இவன் உள்ளங்கையைத் தன் பக்கம் வைத்து ஆட்டுவான். ஊரில் எல்லாருக்கும் அது சிரிப்பு, "போன்னு சொல்றானா வான்னு சொல்றானா" என்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான், காரணம் தெரிகிற வரைக்கும். நாம் டாட்டா காட்டும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது ஒரு உள்ளங்கை. அவன் அதையே அப்படியே செய்கிறான், தன் கண்ணுக்கு ஒரு உள்ளங்கை தெரிகிற மாதிரி. அவன் பார்த்ததைத் துளி பிசகாமல் திருப்பிச் செய்தவன்தான். நாம்தான் யாரும் சொல்லிக்கொடுக்காமலே திசையை மாற்றிக்கொண்டுவிட்டோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலரிடம் இந்தத் திரும்பின கையைப் பார்க்கலாம் என்றார்கள்.

தலையாட்டுவதில் வேறு கூத்து. 'இல்லை' முதலில் வந்தது, பொதுவாகவே அதுதான் முதலில் வருமாம், பிள்ளைகளுக்கு மறுக்க நிறைய இருக்கிறது. 'ஆமாம்'க்குத் தலையை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் ஒருத்தர் தலையாவது மேலும் கீழும் ஆடுகிறதா? நம் ஊரில் 'சரி'க்குத் தலை தோள் பக்கமாகச் சாய்கிறது, 'ஆகட்டும்'க்கு வேறு மாதிரி சாய்கிறது, அரை மனசுச் சம்மதத்துக்கு இன்னொரு சாய்வு. அவன் பாவம், மேலும் கீழும் ஆட்டிவிட்டுக் கடைசியில் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டுவான். இன்றைக்கும் அப்படித்தான், இனி மாற்றுகிற உத்தேசம் எங்களுக்கு இல்லை.

கை சைகையைப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று ஒரு பயம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. 2006-இல் மில்லர், லைட், ஸ்லாசர் என்கிற மூன்று பேர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து, அவற்றில் நம்பகமானவற்றை மட்டும் எடுத்துப் பார்த்ததில், சைகையோ படமோ பழகினதால் பேச்சு குறைந்துபோனது என்று ஒருத்தரிடமும் காணவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடித்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாலும் அதுதானே. ஐவர்சன், கோல்டின்-மெடோ என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 10 பிள்ளைகளை 10 மாதத்திலிருந்து 2 வயது வரை தொடர்ந்து பார்த்து 2005-இல் எழுதினார்கள்: ஒரு பொருளின் பெயர் பெரும்பாலும் வாயில் வருவதற்கு முன்னால் கையில் வந்துவிடுகிறது. அதே இரண்டு பேர்தான் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள், எதிரே இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தபோதும், பேசும்போது கையை ஆட்டுகிறார்கள் என்று 1998-இல் கண்டுபிடித்தவர்கள். நான் கம்பெனியில் போனில் சண்டை போடும்போது கையை ஆட்டுவதைப் பார்த்துக் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், இனிமேல் இதைச் சொல்லலாம்.

வடக்குக் கரை

ஒன்று மட்டும் வராமலே இருந்தது. விரல் வந்த பிறகும் அது கடைக்குப் போகிற விரலாகவே இருந்தது, எல்லாம் 'கொடு'. பாம்பன் சாலைப் பாலத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே நிற்கிற கூட்டம் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கும், அதோ ரயில் பாலம், அதோ படகு என்று. நானும் குனிந்து "அங்க பாரு, போட்டு" என்று நீட்டுவேன். அவன் என் விரல் நுனியைப் பார்ப்பான். அதில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்கிற மாதிரி.

அப்போது 4 வயது 3 மாதம். மே மாதம், தடைக்காலம், விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகாமல் நிற்கிறது. எனக்குக் கம்பெனியில் வேலை இல்லை, சாயங்காலம் அவனை வடக்குக் கரைக்குக் கூட்டிப்போயிருந்தேன். தண்ணி குளம் மாதிரிக் கிடந்தது. பெயின்ட் அடிக்க ஏற்றிப் போட்டிருந்த ஒரு வத்தை, அதன் மேல் ஒரு ஆடு. கறுப்பு ஆடு, அணியத்தின் கூர்முனையில் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, எதற்கு ஏறினோம் என்று மறந்துபோன மாதிரி நின்றது. பையன் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். கை மேலே வந்தது, அந்த ஒன்றரை விரல். ஆட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப ஆட்டை.

நான் என்ன செய்தேன்? "என்னடா வேணும்? ஆடு வேணுமா?" என்று அவன் கையைப் பிடித்து விறுவிறுவென்று வத்தைக்கிட்டக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு வருசப் பயிற்சி. விரல் நீண்டால் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், உடனே சேர்க்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்கு விரலின் மதிப்பு தெரியும். ஆட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. கையை உதறிக்கொண்டு ஓடினான். கோபம் வந்துவிட்டது, கத்தப்போகிறான் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அவன் கத்தவில்லை. முதலில் உட்கார்ந்திருந்த அதே இடத்துக்குப் போய், கொட்டிவைத்த மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி, மறுபடியும் கையை நீட்டினான். ஆடு. நான். ஆடு. புரியாத ஆளுக்கு இரண்டாம் தடவை சொல்கிற மாதிரி.

மணலில் மண்டி போட்டு அவன் கைக்கு நேராகத் தலையை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால்தான் ஆட்டுக்குப் பின்னால் கடல் மட்டும் தெரிந்தது, ஆடு தண்ணியில் போகிற மாதிரி இருந்தது. "ஆமாடா. ஆடு. வத்தை மேல ஆடு" என்றேன். அவ்வளவுதான். கையை இறக்கிவிட்டு மணலை அள்ளப் போய்விட்டான். ஒரு சிரிப்புகூட இல்லை, சொன்னது போய்ச் சேர்ந்தது, அதோடு வேலை முடிந்தது. நான்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அதைப் பார்த்து ஆடு இறங்கிப்போனது.

பெருமையாக ஊரெல்லாம் சொன்னேன், 'முதல் தடவை காட்டினான்' என்று. மனைவி நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தாள். இரண்டரை வருசமாக அந்தத் தேதியை நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் இந்த 11 விநாடி வீடியோ வந்து அதை அடித்துவிட்டது. ஆட்டுக்குப் பதினோரு மாதம் முன்னாலேயே கிளிப். கிளிப்புக்கு முன்னால் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? அவன் தூக்கிக்கொண்டுவந்த எத்தனை சாமானை நாங்கள் "கொண்டா" என்று வாங்கி அததன் இடத்தில் வைத்திருப்போம்? ஆட்டிசப் பிள்ளையின் சைகையில் விரல் ஒரு நேரம் வரும், கண் ஒரு நேரம் வரும், சத்தம் இன்னொரு நேரம் வரும், மூன்றும் ஒன்றாக வருவது குறைவு என்று படித்திருக்கிறேன். படித்தும், மூன்றும் ஒன்றாக வருமென்றுதான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிளிப்பில் கை வந்தது, கண் ஒரு நொடி வந்தது, சத்தம் இல்லை. அது எங்கள் கணக்கில் ஏறவில்லை.

ஊரில் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி "பேசுறானா?" என்பது. கேட்பவர்கள் மேல் வருத்தமில்லை, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பேச்சுக்குக் காது கொடுப்பதற்கு முந்தின ஒரு வேலை இருக்கிறது, அதைப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்த அளவுக்கு எங்களுக்கு நாங்கள் கொடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பில்லாமல் சொல்லக்கூடாது, பயிற்சி வீண் இல்லை. கானி கசாரி என்பவர் அமெரிக்காவில் 3, 4 வயது ஆட்டிசப் பிள்ளைகள் 58 பேரில் சிலருக்குச் சேர்ந்து பார்ப்பதையும் சிலருக்குப் பாவனை விளையாட்டையும் பழக்கிப் பார்த்து 2006-இல் எழுதியிருக்கிறார், ஒரு வருசம் கழித்துப் பேச்சிலும் அது உதவியிருந்தது. எங்களுக்கும் டப்பாதான் வழி திறந்தது. ஆனால் டப்பா 'கொடு'வுக்குத்தான். 'பாரு'வுக்கு டப்பா கிடையாது, பார்க்கிற ஆள் வேண்டும். "என் முகத்தப் பாரு, முகத்தப் பாரு" என்று அவன் தாடையைப் பிடித்துத் திருப்புவதை ஆட்டுக்கு அப்புறம் நிறுத்திவிட்டோம். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சாமானைப் பின்பக்கமாக நீட்டுவதும் உண்டு. அதுவும் காட்டுவதுதான்.

வீடியோவை அம்மாவிடம் காட்டவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் மனைவிதான் காட்டிவிட்டாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள். "அப்ப கிளிப்பு நிறையா தொலைஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லியிருக்கலாம்ல நீ, கையில போன வச்சுக்கிட்டு சும்மாதான் நின்ன" என்றாள். அது சரிதான்.

இப்போது அவனுக்கு 7 வயது ஆகப்போகிறது. வாயில் முப்பது வார்த்தை இருக்கும், பாதி எங்களுக்கு மட்டும் புரியும். கை மட்டும் ஓயவே இல்லை. எறும்பு, நிலா, சுவரில் விழுந்த வெடிப்பு, தாத்தா கால் நகம், எல்லாவற்றுக்கும் ஆள் வந்து பார்க்க வேண்டும், பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் போகவிடமாட்டான். நேற்று விடியக்காலை 5 மணிக்கு என்னை உசுப்பி ஒரு செருப்பைக் காட்டினான். ஒற்றைச் செருப்பு, என்னுடையதுதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு "ஆமாடா, செருப்பு" என்றேன். போகவில்லை. திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினான், அதில் ஒரு சிப்பி குத்தி ஒட்டியிருந்தது.